சிபிடி மிகுந்த கஞ்சா ரகம் என்றால் என்ன? 'சார்லட்ஸ் வெப்' முதல் இந்தியச் சட்டம் வரை: ஒரு விளக்கம்

கஞ்சா ரகங்களில் பெரும்பாலானவை அவை தரும் போதையால் அறியப்பட்டவை. அமெரிக்காவின் கொலராடோ மாகாணத்தில் உருவான 'சார்லட்ஸ் வெப்' என்ற ரகமோ, போதை தராததாலேயே உலகம் முழுவதும் பேசப்பட்டது. கடுமையான வலிப்பு நோயால் பாதிக்கப்பட்ட ஐந்து வயதுச் சிறுமி ஒருவருக்கு இந்த ரகத்திலிருந்து எடுக்கப்பட்ட எண்ணெய் கொடுக்கப்பட்டதும், வலிப்புகள் பெருமளவு குறைந்ததாக அவரது பெற்றோர் தெரிவித்ததுமே அதற்குக் காரணம்.

அதன் பிறகு 'சிபிடி எண்ணெய்' என்ற சொல் உலகச் சந்தையில் வேகமாகப் பரவியது. இந்தியாவிலும் இணையவழி விற்பனைத் தளங்களில் இச்சொல்லைக் காண முடிகிறது. சிபிடி மிகுந்த ரகத்தின் இயல்புகள் யாவை, அதற்கும் மருத்துவ ஆய்வில் உறுதி செய்யப்பட்ட மருந்துக்கும் உள்ள வேறுபாடு என்ன, இந்தியச் சட்டம் இதனை எவ்வாறு அணுகுகிறது என்பன குறித்த விளக்கம் இது.

ஒரே செடி, இரு வேதிப்பொருள்கள்

கஞ்சா செடியில் 'கன்னாபினாய்டு' எனப்படும் வேதிப்பொருள்கள் 100-க்கும் மேல் உள்ளன. அவற்றுள் முதன்மையானவை இரண்டு. ஒன்று டெட்ராஹைட்ரோகன்னாபினால், இது 'டிஎச்சி' எனச் சுருக்கமாக அழைக்கப்படுகிறது. மற்றொன்று கன்னாபிடியால், இதன் சுருக்கமே 'சிபிடி'.

இவ்விரண்டின் மூலக்கூறுகளிலும் 21 கார்பன், 30 ஹைட்ரஜன், 2 ஆக்சிஜன் அணுக்களே உள்ளன. அணுக்களின் எண்ணிக்கை ஒன்றாக இருப்பினும் அவை அமைந்துள்ள விதம் வேறு. அந்த வேறுபாட்டினால் உடலில் அவை செயல்படும் விதமும் மாறுகிறது. டிஎச்சி மூளையில் உள்ள 'சிபி1' ஏற்பிகளுடன் இணைந்து அவற்றைத் தூண்டுகிறது. போதை உண்டாவது இதனால்தான். சிபிடி அந்த ஏற்பிகளை அவ்வாறு தூண்டுவதில்லை. எனவே அது போதை தருவதில்லை.

சிபிடியை 1940-ஆம் ஆண்டு அமெரிக்க வேதியியலாளர் ரோஜர் ஆடம்ஸ் தலைமையிலான குழு பிரித்தெடுத்தது. அதன் துல்லியமான கட்டமைப்பை இஸ்ரேலிய அறிவியலாளர் ரஃபேல் மெக்கூலம் 1963-இல் கண்டறிந்தார். அடுத்த ஆண்டே அவரும் யெகியேல் காவோனியும் டிஎச்சியைத் தூய நிலையில் பிரித்தெடுத்து அதன் கட்டமைப்பை வெளியிட்டனர்.

ரகத்தை முடிவு செய்வது எது?

பச்சைச் செடியில் டிஎச்சியும் சிபிடியும் பெரும்பாலும் அமில வடிவிலேயே உள்ளன. இரண்டு அமிலங்களுக்கும் மூலப்பொருள் ஒன்றே. அந்த மூலப்பொருளை ஒரு நொதி டிஎச்சி அமிலமாகவும், மற்றொரு நொதி சிபிடி அமிலமாகவும் மாற்றுகின்றன. எந்த நொதி செயல்படும் மரபணு செடியில் உள்ளதோ அதைப் பொறுத்தே ரகத்தின் தன்மை அமைகிறது. வெப்பப்படுத்தும்போது இந்த அமிலங்கள் டிஎச்சியாகவும் சிபிடியாகவும் மாறுகின்றன.

இதன் அடிப்படையில் ஆய்வாளர்கள் கஞ்சா செடிகளை முதன்மையாக மூன்று வகைகளாகப் பிரிக்கின்றனர். டிஎச்சி மிகுந்தவை முதல் வகை. இரண்டும் ஏறத்தாழ ஒத்த அளவில் உள்ளவை இரண்டாம் வகை. சிபிடி மிகுந்து டிஎச்சி மிகக் குறைவாக உள்ளவை மூன்றாம் வகை. 'சார்லட்ஸ் வெப்' மூன்றாம் வகையைச் சேர்ந்தது.

இலையின் வடிவத்தையோ, செடியின் உயரத்தையோ, பூவின் மணத்தையோ கொண்டு இந்த வகையை உறுதியாகச் சொல்ல இயலாது. அருகருகே வளரும் இரண்டு செடிகள் பார்வைக்கு ஒன்றுபோல இருந்தும், ஒன்று போதை தருவதாகவும் மற்றொன்று தராததாகவும் இருக்கலாம். ஆய்வகப் பரிசோதனை ஒன்றே அதனைக் காட்டும்.

ரகத்தின் பெயரும் போதிய சான்றாகாது. ஒரே பெயரில் வெவ்வேறு இடங்களில் விற்கப்படும் கஞ்சா மாதிரிகள் மரபணு அளவில் வேறுபடுவதை ஆய்வுகள் காட்டியுள்ளன. நெல், கோதுமைக்கு உள்ளதைப் போன்ற முறையான ரகப் பதிவும் விதைச் சான்றளிப்பும் கஞ்சாவுக்கு நீண்ட காலம் இல்லாமல் இருந்ததும் இதற்கு ஒரு காரணம்.

'சார்லட்ஸ் வெப்' உருவான விதம்

கொலராடோவைச் சேர்ந்த ஸ்டான்லி சகோதரர்கள், டிஎச்சி மிகக் குறைந்த ஒரு ரகத்தைக் கலப்பு முறையில் உருவாக்கினர. போதை தராததால் அதற்குத் தேவை ஏதும் இருக்கவில்லை. 'ஹிப்பியின் ஏமாற்றம்' என்று பொருள்படும் ஆங்கிலப் பெயரே அதற்கு முதலில் வழங்கப்பட்டது. இந்த ரகத்தில் டிஎச்சியைப் போல ஏறத்தாழ 30 மடங்கு சிபிடி இருப்பதாகக் கூறப்பட்டது.

அதே மாகாணத்தின் கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகரில் வசித்தவர் சார்லட் ஃபிகி. 2006-இல் பிறந்த இச்சிறுமிக்கு 'டிராவெட்' நோய்க்குறி இருந்தது. குழந்தை பிறந்த முதலாண்டிலேயே தொடங்கும் இந்த அரிய வலிப்பு நோய்க்கு, பெரும்பாலான நோயாளிகளில் 'எஸ்சிஎன்1ஏ' என்ற மரபணுவில் ஏற்படும் மாற்றமே காரணம். வழக்கமான வலிப்பு மருந்துகள் இந்நோயில் போதிய பலன் தருவதில்லை. ஐந்து வயதில் சார்லட்டுக்கு வாரத்துக்கு ஏறத்தாழ 300 முறை வலிப்பு ஏற்பட்டு வந்தது. நடக்கவும் பேசவும் உண்ணவும் இயலாத நிலையை அவர் அடைந்தார்.

2012-இல், மருத்துவர்களின் பரிந்துரை பெற்று, இந்த ரகத்தின் எண்ணெயைப் பெற்றோர் கொடுக்கத் தொடங்கினர். வலிப்பு மாதத்துக்கு இரண்டு, மூன்று என்ற அளவுக்குக் குறைந்ததாக அவர்கள் தெரிவித்தனர். 2013 ஆகஸ்ட் மாதம், இந்திய வம்சாவளி நரம்பியல் அறுவை சிகிச்சை நிபுணர் சஞ்சய் குப்தா தயாரித்த சிஎன்என் ஆவணப்படம் இச்செய்தியை உலகுக்குக் கொண்டு சென்றது. ரகத்துக்கு அச்சிறுமியின் பெயரே சூட்டப்பட்டது. பிற மாகாணங்களில் இருந்து பல குடும்பங்கள் தங்கள் குழந்தைகளுடன் கொலராடோவுக்குக் குடிபெயர்ந்தன. ஃபுளோரிடா உள்ளிட்ட மாகாணங்கள், டிஎச்சி குறைந்த கஞ்சாவை மட்டும் மருத்துவப் பயன்பாட்டுக்கு அனுமதிக்கும் சட்டங்களை 2014-இல் இயற்றின.

சார்லட் 2020 ஏப்ரலில் தமது 13-ஆவது வயதில் காலமானார்.

0.3 சதவீத வரம்பும் விவசாயிகளின் சிக்கலும்

அமெரிக்காவில் 2018 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த வேளாண் சட்டம், உலர் எடையில் 0.3 சதவீதத்துக்கு மிகாத டிஎச்சி உள்ள கஞ்சா செடியை 'ஹெம்ப்' என வரையறுத்து, தடை செய்யப்பட்ட பொருள்களின் பட்டியலில் இருந்து நீக்கியது. ஐரோப்பிய ஒன்றியம் தனது வேளாண் மானியத் திட்டத்தில் 0.2 சதவீதமாக இருந்த வரம்பை 2023 முதல் 0.3 சதவீதமாக உயர்த்தியது. ஸ்விட்சர்லாந்தில் இந்த வரம்பு 1 சதவீதம் ஆகும்.

சிபிடி மிகுந்த ரகத்தைப் பயிரிடுவோருக்கு இந்த வரம்பு எளிதானதன்று. சிபிடி அமிலத்தை உருவாக்கும் நொதியே, துணை விளைபொருளாகச் சிறிதளவு டிஎச்சி அமிலத்தையும் உருவாக்குகிறது. ஆதலால் பூ முதிர முதிர சிபிடி உயர்கிறது. அதனுடன் டிஎச்சியும் உயர்கிறது. ஒரு ரகத்தில் சிபிடிக்கும் டிஎச்சிக்கும் உள்ள விகிதம் 30-க்கு 1 எனக் கொண்டால், சிபிடி 9 சதவீதத்தைத் தொடும்போதே டிஎச்சி 0.3 சதவீதத்தைத் தொட்டுவிடும். விகிதம் 20-க்கு 1 என்றால், சிபிடி 6 சதவீதத்திலேயே அந்த எல்லை வந்துவிடும். அதற்கு மேல் முதிரவிட்டால் பயிர் சட்டப்படி ஹெம்ப் அல்ல என்றாகிவிடும். எனவே அறுவடைக்கு முன் மாதிரி எடுத்துப் பரிசோதிப்பது அங்கு கட்டாயமாக்கப்பட்டுள்ளது.

மகரந்தக் கலப்பு மற்றொரு சிக்கல். கஞ்சாவில் ஆண் செடியும் பெண் செடியும் தனித்தனியானவை. மகரந்தம் காற்றின் வழியே நெடுந்தொலைவு செல்லக் கூடியது. தூய சிபிடி வகையையும் தூய டிஎச்சி வகையையும் கலந்தால் முதல் தலைமுறைச் செடிகள் அனைத்தும் இரண்டும் கலந்த வகையாக அமைவதையும், அடுத்த தலைமுறையில் மூன்று வகைகளும் 1:2:1 என்ற விகிதத்தில் பிரிவதையும் 2003-இல் வெளியான இனப்பெருக்க ஆய்வு காட்டியது. இதன் காரணமாகவே சிபிடி ரகங்களின் தன்மை மாறாமல் காக்க, விதைக்குப் பதிலாகத் தாய்ச்செடியில் இருந்து வெட்டி எடுக்கப்படும் தண்டுத் துண்டுகளையே பலர் நடுகின்றனர்.

மருத்துவ ஆய்வில் உறுதியானது என்ன?

சார்லட்டின் அனுபவம் ஒரு குழந்தையைப் பற்றியது. வலிப்பு நோயின் தீவிரம் தானாகவே கூடவும் குறையவும் கூடியது என்பதால், மருந்தின் பலனை அறிய ஒப்பீட்டு ஆய்வு தேவைப்பட்டது.

டிராவெட் நோய்க்குறி உள்ள 120 குழந்தைகளும் இளையோரும் பங்கேற்ற அத்தகைய ஆய்வின் முடிவுகள் 2017 மே மாதம் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் வெளியாயின. ஒரு பிரிவினருக்கு உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 20 மி.கி. வீதம் தூய சிபிடி கரைசலும், மற்றொரு பிரிவினருக்கு மருந்தில்லாப் போலிக் கரைசலும் வழங்கப்பட்டன. சிபிடி பெற்றோரில் மாதாந்தர வலிப்புகளின் இடைநிலை எண்ணிக்கை 12.4-இல் இருந்து 5.9 ஆகக் குறைந்தது. போலிக் கரைசல் பெற்றோரில் அது 14.9-இல் இருந்து 14.1 ஆக மட்டுமே குறைந்தது.

வலிப்பு பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறைந்தவர்கள் சிபிடி பிரிவில் 43 சதவீதத்தினர்; போலிக் கரைசல் பிரிவில் 27 சதவீதத்தினர். வலிப்பு முற்றிலும் நின்றவர்கள் சிபிடி பிரிவில் 5 சதவீதத்தினர் மட்டுமே. சிபிடி பலனளிக்கிறது என்பதையும், அது அனைவருக்கும் பலனளிப்பதில்லை என்பதையும் இந்த எண்கள் ஒருசேரக் காட்டுகின்றன. போலிக் கரைசல் பெற்றோரிலும் நான்கில் ஒரு பங்கினருக்கு மேல் முன்னேற்றம் தெரிந்தது, தனிப்பட்ட அனுபவங்களை மட்டும் நம்பி முடிவுக்கு வர இயலாது என்பதற்குச் சான்று.

இத்தகைய ஆய்வுகளின் அடிப்படையில் ஜிடபிள்யூ பார்மசூட்டிக்கல்ஸ் நிறுவனத்தின் 'எபிடியோலெக்ஸ்' மருந்துக்கு அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2018 ஜூன் 25 அன்று அனுமதி அளித்தது. டிராவெட், லெனாக்ஸ்-காஸ்டோ ஆகிய இரு அரிய வலிப்பு நோய்க்குறிகளுக்கு முதலிலும், 2020-இல் டியூபரஸ் ஸ்களிரோசிஸ் என்ற மரபணு நோயுடன் தொடர்புடைய வலிப்புக்கும் அனுமதி வழங்கப்பட்டது. கஞ்சா செடியிலிருந்து பெற்றுத் தூய்மைப்படுத்திய பொருளைக் கொண்ட மருந்துக்கு அந்த அமைப்பு அனுமதி அளித்தது அதுவே முதல் முறை.

பக்கவிளைவுகள் உண்டு

இயற்கைப் பொருள் என்பதால் சிபிடி தீங்கற்றது எனக் கருதுவது தவறு. வயிற்றுப்போக்கு, வாந்தி, உடற்சோர்வு, காய்ச்சல், தூக்கக் கலக்கம் ஆகியவை மேற்கண்ட ஆய்வில் சிபிடி பெற்றோரிடம் அதிகம் காணப்பட்டன. கல்லீரல் நொதிகள் உயர்வதும் பதிவானது; குறிப்பாக வால்ப்ரோயேட் என்ற வலிப்பு மருந்தை ஏற்கெனவே உட்கொள்வோரிடம் இந்த ஆபத்து கூடுதல். குளோபசாம் என்ற மருந்துடன் சேரும்போது, அம்மருந்திலிருந்து உடலில் உருவாகும் செயல்திறன் மிக்க பொருளின் அளவை சிபிடி உயர்த்துகிறது. இதனால் மயக்கம் மிகுதியாகலாம். எனவே சிகிச்சைக்கு முன்பும் இடையிலும் கல்லீரல் பரிசோதனை செய்யப்படுகிறது. வால்ப்ரோயேட், குளோபசாம் ஆகிய இரண்டும் இந்தியாவில் வலிப்பு நோயாளிகளுக்கு வழங்கப்படும் மருந்துகள் என்பது கவனிக்கத்தக்கது.

ரகத்தின் எண்ணெயும் மருந்தும் ஒன்றல்ல

எபிடியோலெக்ஸில் ஒரு மி.லி.க்கு 100 மி.கி. தூய சிபிடி உள்ளது. ஒவ்வொரு குப்பியிலும் அளவு மாறுவதில்லை. ஒரு ரகத்தில் இருந்து பிழியப்படும் எண்ணெயில் சிபிடி, சிறிதளவு டிஎச்சி, பிற கன்னாபினாய்டுகள், மணம் தரும் பொருள்கள் ஆகிய அனைத்தும் கலந்திருக்கும். பயிர், பருவம், பிழியும் முறை ஆகியவற்றுக்கு ஏற்ப அவற்றின் அளவும் மாறும்.

அமெரிக்காவில் இணையவழி விற்கப்பட்ட 84 சிபிடி பொருள்களைப் பரிசோதித்த ஆய்வு ஒன்று 2017-இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளியானது. குறிப்புச்சீட்டில் கூறப்பட்ட அளவுக்கு ஏற்ப சிபிடி இருந்தவை 31 சதவீதம் மட்டுமே. 18 பொருள்களில் டிஎச்சி கண்டறியப்பட்டது. வலிப்பு நோயுள்ள குழந்தைக்கு இந்த வேறுபாடு சிறியதன்று: அளவு குறைந்தால் மருந்து பலனளிக்காது, டிஎச்சி கூடினால் வளரும் மூளைக்குத் தீங்கு நேரலாம்.

இந்தியச் சட்டம் சொல்வது என்ன?

கஞ்சாவுக்கும் வலிப்பு சிகிச்சைக்கும் உள்ள தொடர்பு இந்தியாவுக்குப் புதிதன்று. கொல்கத்தாவில் பணியாற்றிய மருத்துவர் வில்லியம் ஓ'ஷாக்னசி, பச்சிளம் குழந்தை ஒன்றின் வலிப்புக்குக் கஞ்சாச் சாற்றைப் பயன்படுத்தியதை 1839-இல் பதிவு செய்துள்ளார். அந்தச் சாற்றில் எந்த வேதிப்பொருள் எவ்வளவு இருந்தது என்பதை அறியும் வழி அக்காலத்தில் இல்லை.

இன்று நடைமுறையில் உள்ள 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டமும் அந்த வேறுபாட்டை ரகத்தின் அடிப்படையில் பார்ப்பதில்லை. செடியின் பூக்கும், காய்க்கும் நுனிகளே 'கஞ்சா' என்றும், பிரித்தெடுக்கப்பட்ட பிசின் 'சரஸ்' என்றும் இச்சட்டம் வரையறுக்கிறது. நுனிப்பகுதி சேராத நிலையில் விதையும் இலையும் அந்த வரையறைக்குள் வருவதில்லை. பூவில் சிபிடி மிகுதியா, டிஎச்சி மிகுதியா என்ற கேள்வியே அந்த வரையறையில் எழுவதில்லை.

எனவே 'சார்லட்ஸ் வெப்' போன்ற ரகத்தை இந்தியாவில் ஒருவர் உரிமமின்றி வளர்த்தால், அது போதை தராதது என்ற வாதம் அவரைக் காக்காது. கஞ்சா செடி வளர்ப்புக்கு 10 ஆண்டுகள் வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்க இச்சட்டத்தின் 20-ஆவது பிரிவு வழி செய்கிறது. மருத்துவ, அறிவியல் நோக்கங்களுக்கு உரிமம் வழங்கவும், நார், விதை போன்ற தொழில் பயன்பாடுகளுக்காகச் சாகுபடியை அனுமதிக்கவும் சட்டத்தில் இடம் உண்டு.

2020 டிசம்பரில் ஐ.நா. போதைப்பொருள் ஆணையம், 1961-ஆம் ஆண்டு உடன்படிக்கையின் மிகக் கடுமையான நான்காம் பட்டியலில் இருந்து கஞ்சாவை 27-25 என்ற வாக்கு வேறுபாட்டில் நீக்கியது. இந்தியா நீக்கத்துக்கு ஆதரவாக வாக்களித்தது. எனினும் அந்த முடிவால் உள்நாட்டுச் சட்டம் மாறவில்லை.

மாநிலங்களின் முயற்சி

டிஎச்சி 0.3 சதவீதத்துக்கு மிகாத கஞ்சா செடியை வணிக முறையில் பயிரிட 2018-இல் உரிமம் வழங்கி, இத்துறையில் முதல் மாநிலமாக உத்தரகண்ட் அமைந்தது. ஹிமாசலப் பிரதேச சட்டப்பேரவை, மருத்துவ மற்றும் தொழில் நோக்கிலான சாகுபடி குறித்த குழுவின் அறிக்கையை ஏற்கும் தீர்மானத்தை 2024 செப்டம்பரில் நிறைவேற்றியது. ஜம்முவில் உள்ள சிஎஸ்ஐஆர் அமைப்பின் இந்திய ஒருங்கிணைந்த மருத்துவ நிறுவனம் மருத்துவப் பயன்பாட்டுக்கான கஞ்சா ஆய்வில் ஈடுபட்டுள்ளது.

இமயமலை மாநிலங்களுக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. அங்கு மலைச்சரிவுகளிலும் சாலையோரங்களிலும் கஞ்சா இயல்பாகவே வளர்கிறது. அவற்றின் மகரந்தம் சிபிடி ரக வயலை அடைந்தால், அந்த வயலில் விளையும் விதையில் இருந்து வரும் அடுத்த பயிர் 0.3 சதவீத வரம்பைக் கடந்துவிடக் கூடும். சான்றளிக்கப்பட்ட விதையும் அருகிலேயே பரிசோதனைக் கூடமும் இல்லையெனில், உரிமம் பெற்ற விவசாயியும் சட்டச் சிக்கலில் மாட்ட நேரிடும்.

விதை எண்ணெயைச் சிபிடி எண்ணெய் எனக் கருதலாமா?

இயலாது. கஞ்சா விதை, விதை எண்ணெய், விதை மாவு ஆகியவற்றை உணவாக விற்க இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2021 நவம்பரில் அனுமதி அளித்தது. விதையில் டிஎச்சி கிலோவுக்கு 5 மி.கி.க்கும், விதை எண்ணெயில் 10 மி.கி.க்கும், இத்தகைய உணவுகளில் சிபிடி கிலோவுக்கு 75 மி.கி.க்கும் மிகக் கூடாது என வரம்பு விதிக்கப்பட்டுள்ளது.

20 கிலோ எடையுள்ள குழந்தைக்கு, கிலோவுக்கு 10 மி.கி. என்ற சிகிச்சை அளவின்படி நாளொன்றுக்கு 200 மி.கி. சிபிடி தேவை. உச்ச வரம்பு வரை சிபிடி உள்ள விதை எண்ணெயாக இருந்தாலும், அந்த அளவைப் பெற நாளொன்றுக்கு இரண்டரை கிலோவுக்கும் மேல் உட்கொள்ள வேண்டியிருக்கும். விதை எண்ணெய் உணவுப் பொருள். அது வலிப்புக்கு மருந்தாகாது.

ஆயுர்வேதத்தில் 'விஜயா' என்ற பெயரில் கஞ்சா இலை இடம்பெறும் மருந்துகளும் சந்தையில் உள்ளன. மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருள்கள் விதிகளின் நச்சுத்தன்மை உள்ளவற்றுக்கான பட்டியலில் இது இடம்பெற்றுள்ளதால், மருத்துவக் கண்காணிப்பிலேயே உட்கொள்ள வேண்டும் என்ற எச்சரிக்கை குறிப்புச்சீட்டில் அவசியம்.

பெற்றோர் கவனத்துக்கு

ரகத்தின் பெயரோ, குப்பியின் மேல் அச்சிடப்பட்ட 'சிபிடி' என்ற சொல்லோ மருத்துவத் தகவல் ஆகாது. ஒரு மி.லி.யில் சிபிடி எத்தனை மி.கி., டிஎச்சி எத்தனை மி.கி., அந்தத் தொகுப்பைப் பரிசோதித்த ஆய்வக அறிக்கை உள்ளதா என்ற கேள்விகளுக்கு எழுத்து வடிவில் விடை இல்லாத பொருளைக் குழந்தைக்குக் கொடுக்கக் கூடாது. ஏற்கெனவே வழங்கப்படும் மருந்துகளின் பட்டியலை நரம்பியல் மருத்துவரிடம் காட்டாமல் சிபிடியைத் தொடங்கக் கூடாது.

மருத்துவ ஆய்வுகளில் பங்கேற்ற குழந்தைகளுக்கு வழக்கமான வலிப்பு மருந்துகளுடன் கூடுதலாகவே சிபிடி வழங்கப்பட்டது; அவற்றுக்கு மாற்றாக அன்று. சிபிடியை நம்பி வழக்கமான மருந்தைத் திடீரென நிறுத்தினால், இடைவிடாத வலிப்பு ஏற்பட்டு உயிருக்கே ஆபத்து நேரலாம்.